புதுச்சேரியின் எதிர்க்கரை

புதுச்சேரியைப் பிரெஞ்சு ஊர் என்று சொல்லிப் பழகிவிட்டோம். சரி, எந்தப் பிரான்ஸ்? கேட்டால் பாதிப் பேர் பாரிஸ் என்பார்கள். மீதிப் பேருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தோன்றியிருக்காது. பாரிஸில் கடல் இல்லை. உத்தரவுகள் அங்கே கையெழுத்தாகின, கணக்குகள் அங்கே பார்க்கப்பட்டன. ஆனால் கப்பல் கட்டியதும், மாலுமி கிடைத்ததும், இங்கிருந்து போன மூட்டைகள் இறங்கியதும் வேறு இடத்தில். பிரான்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டனி அது. பிரெஞ்சில் பிரெத்தாஞ். தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள், அந்த மூலைக்கும் நம் கடற்கரைக்கும் இடையே இருந்த வழியை நாம் ஒருமுறை மெதுவாக நடந்து பார்ப்போம்.

முதலில் அந்த மண். அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம். கருங்கல், காற்று, மழை. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய இங்கிலாந்தின் தென்மேற்கிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் கடல் தாண்டிக் குடியேறியவர்கள் தங்கள் மொழியையும் கொண்டுவந்தார்கள். பிரெத்தோன் என்ற அந்த மொழி வேல்ஸ் மொழியின் உடன்பிறப்பு. ஒரு பிரெத்தோன் கிழவி பேசுவது பாரிஸ்காரருக்குப் புரியாது. நெடுங்காலம் தனி ஆட்சியாக இருந்த நாடு. அதன் கடைசி இளவரசி ஆன் அடுத்தடுத்து இரண்டு பிரெஞ்சு அரசர்களை மணக்க வேண்டியதாயிற்று. 1532இல் பிரான்ஸோடு சட்டப்படி இணைந்தது. இணைந்த பிறகும் சில சலுகைகளை விட்டுக்கொடுக்கவில்லை. பிரான்ஸின் பிற பகுதிகளை வாட்டிய உப்பு வரி பிரிட்டனிக்கு இல்லை. உப்பு மலிவு என்பதால் வெண்ணெயில் உப்புப் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். கோதுமை சரியாக விளையாத மண்ணில் கறுப்புக் கோதுமை என்று ஒரு தானியம் போட்டு, அதன் மாவை நம் தோசை போலவே மெல்லியதாக வார்த்துத் தின்றார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் வெறும் மீனவர்களும் ஏழை உழவர்களும் என்று நினைத்துவிட வேண்டாம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனி ஒரு நெசவு நாடு. ஆளி என்ற செடியின் நாரை நூற்று, லினன் துணி நெய்து, மோர்லே, சேன்-மாலோ போன்ற துறைமுகங்கள் வழியே விற்றார்கள். சின்னஞ்சிறு கிராமங்களில் இன்று மிகப் பெரிய கல் தேவாலயங்கள் நிற்கின்றன. அவை லினன் காசில் எழுந்தவை. இந்தத் துணியைப் பெருமளவில் வாங்கியது ஸ்பெயின். இந்த ஒரு செய்தியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

1664இல் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஏற்கெனவே ஆசியாவில் கடை விரித்துவிட்டார்கள். பிரான்ஸ் தாமதமாக வந்த விருந்தாளி. கப்பல் கட்ட இடம் வேண்டும். 1666இல் பிரிட்டனியின் தென்கரையில், போர்-லூயி என்ற கோட்டைக்கு எதிரே, இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் ஒரு சேற்று நிலம் கிடைத்தது. அங்கே முதலில் கட்டிய பெரிய கப்பலுக்குக் கீழ்த்திசைச் சூரியன் என்று பொருள்படும் பெயர். கப்பல்கட்டும் தளத்தைச் சுற்றி முளைத்த ஊருக்கு அந்தப் பெயரின் வாலே நிலைத்துவிட்டது: லோரியான், அதாவது கீழ்த்திசை. எட்டே ஆண்டு இடைவெளியில், 1674இல், பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் கம்பெனியின் கிடங்கை நிலைநிறுத்தத் தொடங்கினார். ஆக, ஒரே கம்பெனி ஒரே காலத்தில் கட்டிய இரண்டு ஊர்கள், ஒன்று அந்தக் கரையில், ஒன்று இந்தக் கரையில். ஆனால் லோரியான் வெறும் சேற்றில் தொடங்கியது. புதுச்சேரிப் பக்கமோ நெசவாளர்களும் சாயக்காரர்களும் வணிகர்களும் தலைமுறை தலைமுறையாக இருந்த நிலம். மார்த்தேன் இங்கே ஒரு தொழிலை உருவாக்கவில்லை, இருந்த தொழிலின் வாசலில் வந்து நின்றார்.

இப்போது, ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இது: வெள்ளைக்காரன் நம் பஞ்சை எடுத்துப் போனான், அங்கே துணியாக்கினான், அந்தத் துணியை நம்மிடமே விற்று நம் தறியை அழித்தான். இது பொய்யல்ல. ஆனால் இது 19ஆம் நூற்றாண்டின் கதை. அதற்கு முந்தைய நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் நடந்தது நேர்மாறு. துணி இங்கிருந்து அங்கே போனது. நெய்து, சலவை செய்து, சாயமேற்றி முடித்த துணி. அங்கிருந்து வந்தது வெள்ளி. நம்மிடம் விற்பதற்கு அவர்களிடம் பெரிதாக ஒன்றுமே இல்லை. இந்த வெயிலில் கம்பளித் துணியை யார் வாங்குவார்? கொஞ்சம் ஒயின், இரும்பு, பவளம், துப்பாக்கி, அவ்வளவுதான். கல்யாண ஜவுளி எடுக்கக் காஞ்சிபுரம் போகிறவர் மடியில் பணத்தோடு போய் மூட்டையோடு திரும்புவாரே, லோரியான் கப்பல் வந்ததும் அப்படித்தான்.

அந்த வெள்ளி எங்கிருந்து வந்தது? பிரான்ஸில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. வெள்ளி தென் அமெரிக்காவின் பொத்தோசியிலும் மெக்சிகோவிலும் இருந்தது, ஸ்பெயின் அரசரின் பிடியில். அது ஸ்பெயின் நாணயமாகக் காதிஸ் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது. நாம் பிடித்துவைத்த செய்தியை இங்கே எடுக்க வேண்டும். காதிஸுக்கு லினன் அனுப்பிய பிரெஞ்சுக்காரர்களில் பிரிட்டனிக்காரர்கள் முக்கியமானவர்கள். ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களில் அந்த லினனைச் சட்டையாகத் தைத்துப் போட்டார்கள். அதற்கான விலை வெள்ளியாகத் திரும்பியது. அந்த வெள்ளியில் ஒரு பங்கு லோரியானில் கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்தது. ஒரு பிரெத்தோன் கிராமத்துப் பெண் நூற்ற லினன் நூலுக்கும், நம் பக்கத்துக் கைக்கோளர் தறியில் நெய்த பருத்திக்கும் நடுவே பூமியின் பாதியைச் சுற்றி வந்த ஒரு நாணயம் இருந்தது. இரண்டு பேருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வந்த வெள்ளி அப்படியே செல்லாது. நிலவரி, கூலி எல்லாம் நம் ஊர் நாணயத்தில்தான் நடந்தன. 1736இல் ஆளுநர் துய்மா காலத்தில் புதுச்சேரியிலேயே ரூபாய் அச்சிட உரிமை கிடைத்தது. அச்சிட்ட நாணயத்தில் இருந்தது பிரெஞ்சு அரசர் பெயரல்ல, டில்லி முகலாயப் பேரரசர் பெயர். சந்தையில் செல்ல வேண்டுமென்றால் யார் பெயர் வேண்டும் என்பது கம்பெனிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

துணி வாங்கும் முறையையும் பார்த்துவிடுவோம். கப்பல் வந்த பிறகு கடைக்குப் போய் வாங்கும் வேலை இல்லை. பல மாதங்களுக்கு முன்பே கம்பெனி உள்ளூர் வணிகர்களுடன் ஒப்பந்தம் போடும்: இன்ன நீளம், இன்ன அகலம், இத்தனை இழை, இத்தனை உருப்படி. முன்பணம் கைமாறும். வணிகர் தரகரிடம் கொடுப்பார், தரகர் நெசவாளரிடம் கொடுப்பார், ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். நெய்து வந்த துணியைக் கம்பெனிக் கிடங்கில் விரித்து மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். தரம் குறைந்தால் விலையைக் குறைப்பார்கள் அல்லது திருப்பிக் கொடுப்பார்கள். பஞ்சமோ போரோ வந்து நூல் விலை ஏறினால் அடி முதலில் விழுவது முன்பணம் வாங்கிய நெசவாளர் தலையில். இந்த ஏற்பாடு முழுவதற்கும் நடுநாயகமாக இருந்தவர் துபாஷி, அதாவது கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த உள்ளூர்க்காரர். துபாஷிகளில் நாம் எல்லோரும் அறிந்த ஆனந்த ரங்கப் பிள்ளை, இளவயதில் பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கிடங்கில் நீலத்துணிக் கொள்முதலைப் பார்த்தவர். 1736இலிருந்து 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பை அரசியலுக்காகவே பலரும் புரட்டுகிறார்கள். கப்பல் வரவு, சரக்கு, வெள்ளி, வணிகர் சண்டை என்று அதில் கிடக்கும் வியாபாரச் செய்திகள்தான் எனக்குச் சுவை.

புதுச்சேரியில் அன்று கப்பல் ஒட்டி நிற்கும் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையில் அலை முறியும் இடத்தைத் தாண்ட நம் ஆட்களின் சலங்குகள் வேண்டும், அதாவது ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள். அட்லாண்டிக்கைத் தாண்டிய மாலுமி, கடைசிச் சிறு தொலைவுக்கு நம் படகோட்டியைத்தான் நம்பினார். குளிர்காலத்தில் லோரியானை விட்டுக் கிளம்பும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கோடையின் பிற்பகுதியில் இங்கே சேரும். வடகிழக்குப் பருவக்காற்று சீறுவதற்குள் கிளம்பிவிட வேண்டும், அல்லது அது ஓயும்வரை காத்திருக்க வேண்டும். போய் வர ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.

கப்பல் லோரியான் சேர்ந்ததும் சரக்கைக் கிடங்கில் அடுக்கி, இலையுதிர்காலத்தில் பெரிய ஏலம் நடத்துவார்கள். முதலில் இந்த ஏலம் நாந்த் நகரில் நடந்தது, 1734 முதல் லோரியானுக்கே மாறியது. சோழமண்டலத் துணி, வங்காளத்து மஸ்லின், மாஹே மிளகு, யேமன் காப்பி, சீனத் தேயிலை எல்லாம் ஏலத்துக்கு வரும். தேயிலையில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் தேநீர் அதிகம் குடிப்பவர்களல்ல. வாங்கிய தேயிலையில் பெரும்பகுதி வரி கட்டாமல் இரவோடு இரவாக இங்கிலாந்துக்குக் கடத்தப்பட்டது.

துணிக்கு வருவோம். இவ்வளவு பருத்தித் துணியைப் பிரெஞ்சுக்காரர்கள்தான் உடுத்தினார்கள் என்று தோன்றும். உடுத்த ஆசைதான். ஆனால் 1686இல் அரசு தடை போட்டது. அச்சடித்த, வண்ணம் தீட்டிய பருத்தித் துணியை விற்பதும் உடுத்துவதும் குற்றம். பிரான்ஸின் பட்டு, கம்பளி, லினன் தொழில்காரர்கள் எங்கள் பிழைப்பு போகிறது என்று கூக்குரல் போட்டதன் விளைவு. மலிவான வெளிநாட்டுத் துணியால் அழிந்துபோவோம் என்று அன்றைக்கு அஞ்சியது அவர்கள், அஞ்ச வைத்தது நாம். 1759 வரை அந்தத் தடை நீடித்தது. திருட்டுத்தனமாக உடுத்தியவர்கள் ஏராளம். வெள்ளைத் துணிக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. மற்றதைக் கம்பெனி கொண்டுவரலாம், ஆனால் வெளிநாட்டுக்கு விற்றுவிட வேண்டும்.

அப்படியானால் வாங்கியது யார்? இங்கேதான் கதை இருட்டுப் பக்கம் திரும்புகிறது. லோரியான் ஏலத்துக்கு வந்தவர்களில் முன்வரிசை நாந்த் வணிகர்களுக்கு. பழைய பிரிட்டனிக் கோமகன்களின் தலைநகரமான நாந்த், 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் முதன்மையான அடிமை வணிகத் துறைமுகம். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கக் கொடுத்த பண்டங்களில் பெரும்பங்கு இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் அவுரியில் தோய்த்த நீலத்துணிக்கு அங்கே அப்படி ஒரு மதிப்பு, ‘கினே’ என்று அந்த ஆப்பிரிக்கக் கரையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாந்த் கப்பல்கள் அட்லாண்டிக்கின் குறுக்கே கடத்திச் சென்ற மனிதர்கள் நான்கரை லட்சத்துக்கும் மேல். 2012இல் அந்த நகரம் லுவார் ஆற்றங்கரையில் இதற்காக ஒரு நினைவிடம் திறந்தது. நம் நெசவாளருக்குத் தன் துணி எங்கே போகிறது என்று தெரியாது. வாங்கியவருக்குத் தெரியும். கம்பெனிக்கு நன்றாகவே தெரியும். நீலத்துணியின் அழகைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையல்ல.

சரக்கோடு மனிதர்களும் வந்தார்கள். புதுச்சேரியின் வெள்ளைக்காரப் பட்டணத்தில் லபூர்தொனே பெயரிலும் சுர்கூஃப் பெயரிலும் வீதிகள் உண்டு. இருவருமே சேன்-மாலோக்காரர்கள். சுர்கூஃப் வங்கக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களைக் கொள்ளையிட்ட அரசு அனுமதி பெற்ற கடற்கொள்ளைக்காரர். லபூர்தொனே மொரீசியஸ் ஆளுநராக இருந்தபோது அங்கே ஊர் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தவர். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்தவரும் அவரே. அந்த ஆண்டு நடந்த ஒரு தற்செயல் ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னை வீழ்ந்த பத்தே நாளில், அக்டோபர் தொடக்கத்தில், கம்பெனியின் வேரையே அறுக்க ஆங்கிலேயப் படை லோரியான் அருகே இறங்கியது. ஒரு கரைச் செய்தி மறு கரைக்குப் போகப் பல மாதம் ஆகும் காலம், எனவே இது பழிக்குப் பழியல்ல. லோரியான்காரர்கள் சரணடைய முடிவு செய்த வேளையில், நோயாலும் மழையாலும் நொந்த ஆங்கிலேயர்கள் அதை அறியாமல் திரும்பிப் போய்விட்டார்கள். அந்தப் படையில் தளபதியின் செயலராக இருந்தவர் தத்துவவாதி டேவிட் ஹியூம்.

புதுச்சேரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1761 ஜனவரி 16இல் ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஆனந்த ரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்பு இறந்துவிட்டார். கோட்டையும் வெள்ளைக்காரப் பட்டணமும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. இன்று நாம் புகைப்படம் எடுக்கும் மஞ்சள் சுவர் வீதிகள் அதன் பிறகு எழுந்தவை. 1769இல் கம்பெனியின் தனியுரிமை நின்றது. அடுத்த ஆண்டு லோரியான் தளம் அரசரின் கடற்படைக்குப் போனது. அத்தோடு பிரிட்டனியின் பங்கு மங்கத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் நம் நீலத்துணி மறுபடியும் ஆப்பிரிக்காவுக்குப் போனது, இந்த முறை செனகல் ஆற்றங்கரைக்கு, நம் கருவேலத்தின் உறவான ஒரு மரத்தின் பிசினுக்கு மாற்றாக. ஐரோப்பிய ஆலைகளில் துணிக்கு அச்சடிக்க அந்தப் பிசின் தேவைப்பட்டது. செனகலில் இந்தத் துணியே நாணயமாகவும் செலாவணியானது. பிரான்ஸின் ரூவான் நகரில் செய்த போலிகளை அங்குள்ளவர்கள் மணத்தை வைத்தே கண்டுபிடித்து ஒதுக்கினார்களாம். ஆனால் இந்த வியாபாரம் பிரிட்டனிக்காரர்களிடம் இல்லை, போர்தோ துறைமுக வணிகர்களின் கையில். பிற்காலத்தில் பயணக் கப்பல்கள் மார்சேய் துறைமுகத்துக்குப் போயின. புதுச்சேரி நினைவிலிருந்து லோரியான் நழுவியது இப்படித்தான்.

அந்த நீலத்துணிக்காகத்தான் 1820களின் இறுதியில் புதுச்சேரியில் சவானா மில் எழுந்தது. பிறகு சுதேசி என்று பெயர் மாறியது. அடுத்து கெப்ளே மில், இன்றைய பாரதி. 1898இல் ரோடியர் மில், நம் வாயில் ஏ.எஃப்.டி. 1936 ஜூலை 30இல் சவானாவில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30இல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி ஆலைகளும் இன்று ஓடவில்லை.

எதிர்க்கரை என்ன ஆயிற்று? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் லோரியானில் நீர்மூழ்கிக் கப்பல் தளம் கட்டினார்கள். 1943 ஜனவரி, பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு ஊரை அழித்தன. கம்பெனிக் காலத்து ஊர் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. தளத்தின் கான்கிரீட் மட்டும் அசையவில்லை. போருக்குப் பின் மீன்பிடித்தும் கப்பல் கட்டியும் எழுந்த லோரியான், 1971இலிருந்து ஆண்டுதோறும் பிரெத்தோன், வேல்ஸ் போன்ற உறவு மொழிகளின் மக்களான கெல்ட் இனத்தார் எல்லோரையும் அழைத்து இசை விழா நடத்துகிறது. சுமார் 34 லட்சம் பேர் வாழும் இன்றைய பிரிட்டனி மாநிலம் பிரான்ஸின் பன்றிகளில் பாதிக்கு மேல் வளர்க்கிறது. பள்ளியில் பிரெத்தோன் பேசிய பிள்ளைகளைத் தண்டித்த காலம் போய், இப்போது அதே மொழியைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிகள் நடக்கின்றன. நாந்த் மட்டும் நிர்வாக வரைபடத்தில் பிரிட்டனிக்கு வெளியே இருக்கிறது. பிரெத்தோன்களுக்கு அது இன்னும் ஆறாத மனக்குறை.

லோரியானுக்கு எதிரே, போர்-லூயிக் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனிக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் கரையில் நெய்து வண்ணம் தீட்டிய துணிகளை அங்கே கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள். நெய்த கரையிலோ மூன்று ஆலைகளின் வாசல்களும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றின் ஒரே ஒரு கூடத்தையாவது திறந்து, ஒரு தறி, ஒரு அவுரித் தொட்டி, ஒரு முழ நீலத்துணி, அது போய்ச் சேர்ந்த இடங்களின் பெயர்கள், 1936இல் இறந்த 12 பேரின் பெயர்கள் இவற்றை வைக்கப் புதுச்சேரி அரசு முன்வர வேண்டும்.